ஈரச் சாக்கு

“பேர்ச் மீன் பிடிக்கவா தம்பி இவ்வளவு தூரம் ஓடுறீர்? அது கொளுவின உடன ஈரச் சாக்கு மாதிரி வந்து ஏறும். இழுவை எண்டால் பாஸ்தான்.”

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் ரோல்ஸ் தட்டோடு நின்றபடி ஒரு அண்ணர் இதைச் சொன்னார். அவர் மெல்பேர்ணுக்கு வந்து இருபத்தைந்து வருடம். இந்த நாட்டில் எனக்குத் தூண்டில் தடியில் ரீல் சுற்றப் பழக்கியவர் அவர்தான். எந்த ஆற்றில் எந்த மாதம் என்ன மீன் ஏறும் என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். தெரியாமல் கதைக்கிற ஆள் இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த ரோல்ஸை எடுத்திருப்பேன். அவர் சொன்னதால் அந்தச் சொல் எனக்குள் முள் மாதிரிக் குத்தி நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் ஹொப்கின்ஸ் ஆற்றில் ஒரு பேர்ச் என் போலி இரையை வாயில் வாங்கி, நான் தடியை நிமிர்த்துவதற்குள் தண்ணீருக்குள் கிடந்த மரத்துக்குள் போய் நூலை அறுத்திருந்தது. அறுந்த நூலைத் திரும்பக் கட்டும்போது என் விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் ஒன்றைச் சொல்கிறது, அண்ணர் வேறொன்றைச் சொல்கிறார். இரண்டில் எதை நம்புவது?

பேர்ச் என்று நான் சொல்வது கழிமுகத்தில் வாழ்கிற எஸ்டுவரி பேர்ச். தென்கிழக்கு அவுஸ்திரேலியாவின் கரையோர ஆறுகளில், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற பகுதிதான் அதன் வீடு. அகலமான வெள்ளி உடம்பு, முதுகில் மங்கிய பழுப்பு, கறுத்த கண், நெற்றி கொஞ்சம் உள்வாங்கி முகம் கூராகத் தெரியும். வாய் மட்டும் உடம்புக்குப் பெரியது. திறந்தால் இரையைக் கடிப்பதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அண்ணர் புகழ்கிற அவுஸ்திரேலியன் பாஸ் இதற்கு உடன்பிறப்பு மாதிரி. இரண்டும் ஒன்றாக வாழ்கிற ஆறுகளில் கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு. அப்படிப் பிறந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு இது எது என்று உறுதியாகச் சொல்லப் பழகின ஆக்களுக்கே கஷ்டம். இவ்வளவு நெருங்கின இரண்டு மீனில் ஒன்று சாக்கு, மற்றது சிங்கம் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

நான் போகிற ஹொப்கின்ஸ் ஆறு மெல்பேர்ணிலிருந்து மேற்கே சுமார் 260 கிலோமீற்றர். வார்ணம்பூல் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் கடலில் விழுகிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் லோகன்ஸ் கடற்கரை இருக்கிறது. குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் குட்டி ஈன வருகிற இடம் அது. சனம் எல்லாம் கடலைப் பார்த்து நிற்கும்போது நான் கயாக்கை இறக்கி எதிர்ப்பக்கம் துடுப்புப் போடுவேன். முகத்துவாரத்திலிருந்து டூரம் ஸ்டோன்ஸ் என்ற பாறைத் தட்டு வரை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் கழிமுகம். சரிவான கரைகள், நாணல், வேரோடு சாய்ந்து பாதி முங்கிக் கிடக்கிற மரங்கள். பேர்ச் அந்த மரங்களின் நிழலில்தான் நிற்கும்.

விரலால் கேட்பது

இழுவை என்ற சொல்லை எனக்கு முதலில் பழக்கியது மட்டக்களப்பு வாவி. கல்லடிப் பாலத்தில் பின்னேரங்களில் மாமாவோடு நிற்பேன். தடியும் இல்லை, ரீலும் இல்லை. ஒரு பழைய பால்மாப் பேணியில் சுற்றின தங்கூசி, நுனியில் ஈயம், தூண்டிலில் இறால். நூலை ஆட்காட்டி விரலில் ஒரு மடிப்புப் போட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். “கண்ணால பார்க்காத, விரலால கேள்” என்று மாமா சொல்வார். சின்ன மீன் கொத்துவது ஒரு மாதிரி, நண்டு பிடித்துத் தின்பது இன்னொரு மாதிரி, நீரோட்டம் இழுப்பது வேறு மாதிரி. ஒரு நாள் எதுவும் கொத்தவில்லை. நூல் ஒரேயடியாகப் போனது. விரலின் உள்பக்கம் வெள்ளையாகப் பிளந்து, பிறகுதான் இரத்தம் வந்தது. மேலே இழுத்துப் பார்த்தால் நூல் மட்டும். “கொடுவா” என்றார் மாமா. அந்த மீனை நான் காணவே இல்லை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டியும் அந்த ஒரு இழுப்பு விரலில் இருக்கிறது. கரைக்கு ஏற்றிய நூற்றுக்கணக்கான மீன்களின் இழுவை எதுவும் அப்படி நிற்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைத்தூண்டிலில் மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. மீன் கொடுத்ததை அப்படியே வாங்குகிறீர்கள். தடி, ரீல், பாரம் கூடினால் நூலை வழுக்க விடுகிற டிராக் எல்லாம் வந்த பிறகு மீனின் பலம் உங்களுக்கு வடிகட்டித்தான் வருகிறது. தடி வளைந்து ஒரு பங்கை விழுங்கும். டிராக் வழுக்கி இன்னொரு பங்கை விழுங்கும். பிறகு நாம் ரீல் போட்ட சத்தத்தையும் தடி வளைந்த வளைவையும் வைத்து மீனுக்குப் புள்ளி போடுகிறோம்.

எந்த ஆறு, எந்த மாதம்

ஒரு வருடம் முழுக்க அண்ணரின் வாதத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பாஸ் பிடிப்பது கிழக்கு கிப்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும். விக்டோரியாவில் பாஸின் இயற்கையான எல்லை வில்சன்ஸ் முனையோடு முடிகிறது. அதற்கு மேற்கே, ஹொப்கின்ஸ், கிளெனெல்க் மாதிரி ஆறுகளில் பேர்ச்தான். அப்படியென்றால் அவர் ஒரே ஆற்றில் ஒரே நாளில் இரண்டையும் பிடித்து ஒப்பிடவில்லை. அவருடைய பாஸ் எல்லாம் கோடைகாலத்து மீன்கள். ஒடுங்கின ஓடை, இரண்டு கரையிலும் மரம், ஐந்து மீற்றர் தூரத்தில் தண்ணீரின் மேல்பரப்பில் வெடித்து அடிக்கிற மீன். மேலே அடித்த மீன் கீழே போக வேண்டும், போகிற வழியெல்லாம் கிளை. அந்த இடத்தில் முக்கால் கிலோ மீன் எதுவானாலும் சிங்கம்தான்.

அவருடைய பேர்ச் எல்லாம் ஜூலை, ஓகஸ்ட் மாதத்து மீன்கள். வேலையில் லீவு அப்போதுதான் கிடைக்கும் என்று ஒருமுறை அவரே சொன்னார். அந்த மாதங்களில் பேர்ச் முட்டையிடுவதற்காகக் கூட்டமாகக் கீழே இறங்கி முகத்துவாரப் பக்கம் ஆழத்தில் நிற்கும். பிடிப்பது லேசு, ஓரிடத்தில் பத்து மீன் கிடைக்கும். ஆனால் தண்ணீர் பதினொரு, பன்னிரண்டு பாகை. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். அந்தக் குளிரில் தசை மெதுவாகத்தான் சுருங்கும். ஓடி ஒளிக்க மரமும் பக்கத்தில் இல்லை, திறந்த தண்ணீர். அங்கே பிடித்த பேர்ச் நாலு தரம் தலையை ஆட்டிவிட்டு மேலே வருகிறது என்றால், அது அந்த மாதத்தின் இழுவை. (முட்டைக்காகக் கூடி நிற்கிற மீனைத் துரத்துவதே எனக்குப் பிடிப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் மே முதல் ஓகஸ்ட் முடியும் வரை பாஸையும் பேர்ச்சையும் ஆற்றிலிருந்து எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது நல்ல சட்டம்.)

இதை அண்ணரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி, அப்ப கோடையில ஒண்டைப் பிடிச்சுக் காட்டும்” என்றார். நியாயமான பதில்தான்.

மரத்துக்கும் வாய்க்கும் நடுவில்

கோடையில் ஹொப்கின்ஸில் பேர்ச் அடிப்பது எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். மாலை எட்டு, எட்டரை மணி. வெயில் மேற்குக் கரை மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. கயாக்கைக் கரையிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நிறுத்தி, சாய்ந்து கிடக்கிற மரத்தின் கிளைக்கு ஒரு சாண் பக்கத்தில் மூன்று அங்குல ரப்பர் புழுவைப் போடுவேன். அதன் தலையில் இருக்கிற ஈயம் இரண்டு கிராமுக்கும் குறைவு, ஆகவே அது மெதுவாக மிதந்து மிதந்து இறங்கும். ரீலைத் தொடக் கூடாது. பின்னல் நூல் நீளாது, அதனால் இறங்குகிற புழுவுக்கு என்ன நடந்தாலும் விரலுக்குத் தெரியும். முதலில் ஒரு “டக்”. யாரோ மேசையை நகத்தால் தட்டின மாதிரி. அவ்வளவுதான் எச்சரிக்கை. தடியை நிமிர்த்தினால் அங்கே மீன் இருக்காது, மீன் ஏற்கெனவே திரும்பிவிட்டிருக்கும். அகலமான உடம்பையும் வாலையும் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்பி மரத்தைப் பார்த்துப் பாய்கிறது. ஒரு மீற்றர், அதிகம் போனால் இரண்டு. அதற்குள் நிறுத்தினால் மீன் உங்களுக்கு, இல்லையென்றால் மரத்துக்கு.

இந்த இரண்டு விநாடிதான் பேர்ச். நீண்ட ஓட்டம் அதன் உடம்பில் எழுதப்படவே இல்லை. திறந்த கடலில் இரையைத் துரத்துகிற மீனுக்குச் சிவப்புத் தசை நிறைய வேண்டும், மணிக்கணக்கில் நீந்துவதற்கு. நிழலில் ஒளிந்து நின்று பாய்கிற மீனுக்கு வேண்டியது வெள்ளைத் தசை. அது ஒட்சிசனுக்குக் காத்திராது, சேமித்து வைத்ததை ஒரேயடியாக எரித்துவிடும். எரித்து முடிந்தால் முடிந்ததுதான், திரும்ப நிரம்பப் பல மணி நேரம் ஆகும். ஆகவே மரத்திலிருந்து திருப்பப்பட்ட பேர்ச் அதற்குப் பிறகு சோர்ந்து வருகிறது என்றால், அது தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அண்ணர் சாக்கு என்று சொன்னது அந்தப் பிற்பகுதியைத்தான்.

இது எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் விளங்கினதை நிரூபிக்கப் போய்ப் பிழை செய்தேன்.

900 கிராம்

2023 பெப்ரவரியில் ஒரு சின்ன ரீலில் 2 இறாத்தல் நூலைச் சுற்றினேன். அதாவது 900 கிராமுக்கு மேல் பாரம் வந்தால் அறுந்துவிடும். அந்த நூலுக்கு டிராக்கை 250 கிராமுக்கு மேல் வைக்க முடியாது. தடியும் அதற்கேற்ற ஈர்க்குத் தடி. யோசனை என்னவென்றால், மெல்லிய நூலில் ஒரு நல்ல பேர்ச்சைக் கொளுவி, அது எப்படிச் சண்டை போடுகிறது என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்து அண்ணருக்கு அனுப்புவது. மரம் இல்லாத ஒரு பாறைச் சரிவாகப் பார்த்து நின்றேன், உடனே அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. தொலைபேசியைக் கயாக்கின் முன்பக்கத்தில் பொருத்தினேன்.

இருட்டுவதற்கு அரைமணி நேரம் இருக்கும்போது அடித்தது. ரீல் கத்தின கத்தல் இன்னும் அந்தப் படத்தில் இருக்கிறது. பத்து மீற்றர் ஒரே மூச்சில் போனது. திருப்பினேன், திரும்பவும் போனது. கயாக்கையே மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. படத்தில் என் குரல் கேட்கிறது, “பார், பார்” என்று யாரிடமோ சொல்கிறேன். மூன்று நிமிடத்தில் அந்தச் சந்தோஷம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 250 கிராம் பாரத்தால் அந்த மீனை என் பக்கம் கொண்டுவரவே முடியாது. அது களைத்தால் நான் கொஞ்சம் சுற்றுவேன், அது வாலை ஒருதரம் அடித்தால் சுற்றியது எல்லாம் போய்விடும். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். ஓட்டம் நின்று வெறும் பாரமாகிவிட்டது. பதினோராவது நிமிடம் பக்கவாட்டில் சாய்ந்தபடி கயாக்குக்குப் பக்கத்தில் வந்தது. செவுள் திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவு மெதுவாக.

43 சென்ரிமீற்றர். ஒன்றேகால் கிலோவாவது இருக்கும். நான் அதுவரை ஹொப்கின்ஸில் கண்டதில் பெரிய பேர்ச் அதுதான். கையை நனைத்து, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் தூண்டிலைக் கழற்றினேன். வாலைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராக நிமிர்த்தி வைத்தேன். கையை எடுத்தால் வயிற்றைக் காட்டித் திரும்பியது. திரும்பப் பிடித்தேன். இருட்டிவிட்டது. கோடையில் ஹொப்கின்ஸில் மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்புத் தண்ணீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். ஆழத்தில் ஒட்சிசன் குறைந்துவிடும். மேல்தண்ணீரோ வெதுவெதுப்பு. மூச்சு வாங்குகிற மீனுக்கு அன்றைக்கு அந்த ஆற்றில் நல்ல இடமே இல்லை. இருபத்தைந்து நிமிடம் பிடித்திருந்தேன். செவுள் நின்றுவிட்டது.

படத்தில் ஒரு மீன் பதினொரு நிமிடம் சண்டை போடுகிறது. பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் உண்மையில் அது சண்டை போட்டது முதல் ஒரு நிமிடம். மீதி பத்து நிமிடமும் என் நூலின் நீளமான பலவீனம். அந்தப் படத்தை நான் அண்ணருக்கு அனுப்பவில்லை.

விக்டோரியாவில் 27 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பேர்ச்சை எடுக்கலாம், பாஸும் பேர்ச்சும் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீணாக்க மனம் வரவில்லை. மனைவி பால் விட்டுச் சொதி வைத்தா. தலையை நான்தான் எடுத்துக்கொண்டேன். பிரித்துச் சாப்பிடும்போது காதுக்கல் இரண்டும் விரலில் தட்டுப்பட்டன, நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக. அந்தக் கல்லை மெல்லிய தகடாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தால் மரத்தின் வளையம் மாதிரி வருடங்களை எண்ணலாம். அப்படி எண்ணித்தான் இந்த மீன் நாற்பது வருடம்கூட உயிர் வாழும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கருவியும் இல்லை, எண்ணத் தெரியவும் இல்லை. பத்து வயதாக இருக்கலாம், இருபதைத் தாண்டியும் இருக்கலாம். வருடா வருடம் குளிரில் கீழே இறங்கி, முட்டை விட்டு, கோடையில் அதே மரங்களுக்கு ஏறி வந்திருக்கும். கற்களைக் கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டேன். என் தூண்டில் பெட்டியில் இன்னும் இருக்கிறது.

மெல்லியது, ஆனால் போதுமானது

இப்போது நான் பாவிப்பது 6 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் தூண்டிலோடு கட்டுகிற 8 இறாத்தல் லீடர் நூல். தடி மெல்லியதுதான், ஆனால் அடிப்பாகம் விறைப்பு. டிராக் ஒரு கிலோவுக்குக் கிட்ட. பேர்ச்சை மெல்லிய கருவியால் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கனமான நூல் போட்டால் இரண்டு கிராம் ஈயம் பறக்காது, புழு இயல்பாக இறங்காது, மீன் தொடவே தொடாது. மெல்லியது வேண்டும். எவ்வளவு மெல்லியது என்பதுதான் கேள்வி. மீன் மரத்தைப் பார்த்துத் திரும்பும்போது அதை அங்கேயே நிறுத்தக்கூடிய அளவை விடக் குறையக் கூடாது. அப்படி நிறுத்தினால் அந்த இரண்டு விநாடியின் பாரம் முழுக்கக் கைக்கு வரும், கல்லடிப் பாலத்தில் விரலுக்கு வந்த மாதிரி. டிராக்கைத் தளர்த்தினால் அது பத்து நிமிடமாகக் கரைந்துவிடும். நூல் மெலிந்தால் மீனின் பலத்தை அதிகமாக உணரலாம் என்று நானும் நம்பினேன். எனக்கு நடந்தது அதற்கு நேரெதிர்.

போன மார்ச் மாதம் அண்ணர் ஒருவழியாக ஹொப்கின்ஸுக்கு வந்தார். இரண்டு கயாக். என் தடி ஒன்றைக் கொடுத்தேன், டிராக்கைத் தளர்த்த வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, நாணலுக்குப் பக்கத்தில் கிடந்த மரத்தடியில் அவருடைய தடி திடீரென்று தண்ணீருக்குள் முங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முழங்காலும் கயாக்கின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன, பெருவிரல் ரீலை அழுத்திப் பிடித்திருந்தது, வாய் இறுகியிருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மீன் திரும்பி வந்தது, தலையை ஆட்டி ஆட்டி, அமைதியாக. முழுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 36 சென்ரிமீற்றர்.

“பாரும், சாக்கு மாதிரித்தானே வருது” என்றார். ஆனால் குரல் கொஞ்சம் மூச்சு வாங்கியது. தடியை மடியில் வைத்துவிட்டு வலது கையை இரண்டு தரம் உதறினார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தூண்டிலைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரலை விரித்தார். பிடித்து வைத்திருக்கத் தேவையே வரவில்லை. அது ஒரு வாலடியில் இரண்டு பேரின் முகத்திலும் தண்ணீரை அடித்துவிட்டு அதே மரத்தைப் பார்த்துப் போனது.